விதையின் காவல் யாருக்குச் சொந்தம்?



மன்னாரில் கட்டுக்கரைக்குளத்தை நம்பிய வயல்களில் காலபோகப் பயிர் இளசாக நிற்கும் நாட்களில் முருங்கன், நானாட்டான், உயிலங்குளம், அடம்பன் பக்கம் போய்ப் பாருங்கள். முதுகில் தெளிகருவியைச் சுமந்தபடி சேற்றில் நடப்பவர்களைக் காண்பீர்கள். வாய்க்குக் குறுக்கே ஒரு பழைய துணி, கையில் உறை இல்லை, காலில் சப்பாத்து இல்லை. காணி அவர்களுடையதல்ல. விளைச்சலும் அவர்களுடையதல்ல. அன்றைய கூலி மட்டுமே அவர்களுடையது.

மலையகத் தொழிலாளர் சங்கத்தின் ஏட்டில் மன்னார் நெல்லுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். நம் பாட்டன் பூட்டன்மார் இந்த நாட்டில் முதலில் மிதித்த மண் மன்னார் மண். தலைமன்னாரிலும் அரிப்புக் கரையிலும் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, வழியிலேயே மடிந்தவர்கள் போக மிஞ்சியவர்களின் பிள்ளைகள் நாம். 2023 இல் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அந்தப் பாதையைத்தான் நடந்தார்கள். 1958 இலும் 1977 இலும் 1983 இலும் அடித்து விரட்டப்பட்ட நம்மவர்களில் ஒரு பகுதியினர் வன்னிக்கும் மன்னாருக்கும் திரும்பி வந்து, கூலி வயல்களில் கால் ஊன்றினார்கள். அந்த முதுகில் இருக்கும் தெளிகருவியும் தோட்டத்து மலைச்சரிவில் நம் முதுகில் இருக்கும் தெளிகருவியும் ஒன்றுதான். அதனால்தான் பேசுகிறோம்.

பேச்சு இதுதான். பூச்சி கொண்டுவரும் வைரஸ் நோய்களுக்கு மருந்து போத்தலில் இருப்பதாக நமக்குச் சொல்லப்படுகிறது. செடி தன் உடம்பிலேயே ஒரு மருந்துக் கடை வைத்திருக்கிறது என்பதும், அதைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து காத்தவன் உழவன் என்பதும் மறைக்கப்படுகிறது. மறைப்பதில் இலாபம் இருக்கிறது. அந்த இலாபத்துக்கு விலையாக நமது தோலும் நுரையீரலும் போகின்றன.

போத்தல் ஏன் தோற்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். பயிருக்குள் புகுந்த வைரஸைக் கொல்லும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் வீட்டுத் தோட்டத்து மிளகாய் இலை சுருண்டு குருமன் பிடித்தால், கடைக்காரர் எடுத்துத் தருவது பூச்சிக்கான நஞ்சு. இலை சுருளப் பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும்கூடக் காரணமாகலாம். வைரஸ்தான் காரணம் என்றால் அந்தச் செடி இனிக் குணமாகப் போவதில்லை.

‘பூச்சியைக் கொன்றால் அடுத்த செடி தப்பும்தானே?’ என்பார்கள். கணக்கைப் பாருங்கள். அழுக்கணவன் ஒரு செடியில் வந்து இறங்கியதும் ருசி பார்க்க ஊசி வாயைக் குத்துகிறது. அது பரப்பும் வைரஸ்கள் பலவற்றுக்கு அந்தச் சில விநாடிகளே போதும். நஞ்சு அதன் உடம்பில் வேலை செய்து முடிக்கும்போது நோய் கைமாறிவிட்டது. வெள்ளை ஈ வேறு விதம். நோயுற்ற செடியில் சில நிமிடங்கள் சாறு குடித்தால் வைரஸ் அதன் உடம்புக்குள் போகிறது. பிறகு பல நாட்கள் போகும் இடமெல்லாம் விதைக்கிறது. வேலிக்கு அப்பாலிருந்து வரும் ஈயை வேலிக்கு உள்ளே அடித்த மருந்து தடுப்பதில்லை. அது செத்தாலும் பெரும்பாலும் கொடுத்துவிட்டுத்தான் சாகிறது. (தென்னை ஓலையில் இப்போது காணும் வெள்ளை ஈ வேறு இனம். மிளகாய், தக்காளி, வெண்டி, மரவள்ளி ஆகியவற்றுக்கு வைரஸ் கொண்டுவருவது கண்ணுக்கு எட்டியும் எட்டாத சின்ன ஈ.)

நெல்லில் கதை இன்னும் மோசம். அறக்கொட்டி என்று நம் ஆட்கள் சொல்லும் கபில நிறத் தத்தி, சாற்றை உறிஞ்சிப் பயிரை எரித்ததுபோல் ஆக்குகிறது. அதோடு புல்போல் குட்டையாக்கும் வைரஸையும், இலையைக் கிழித்துக் குட்டையாக்கும் வைரஸையும் சுமக்கிறது. இரண்டும் இலங்கையிலும் பதிவானவை. தத்தி முட்டையை இலை உறைக்குள் செருகி வைக்கிறது. மருந்து அங்கே போவதில்லை. மருந்து முதலில் கொல்வது தத்தியைத் தின்னும் சிலந்தியை. முட்டை பொரித்து வரும்போது காவல்காரன் இல்லாத வயல் காத்திருக்கிறது. இந்தோனேசியா இதை அனுபவித்துத் தெளிந்தது. 1986 இல் அங்கே ஜனாதிபதி உத்தரவால் நெல்லுக்கு 57 வகைப் பீடைகொல்லிகள் தடை செய்யப்பட்டன. அதிகமாக அடித்ததால்தான் தத்தி பெருகியது என்பதை ஓர் அரசாங்கமே ஒப்புக்கொண்ட நிகழ்வு அது.

தோட்டத் தொழிலாளருக்கு இது புதிதல்ல. தேயிலையின் இலைசுருட்டிப் புழுவை அடக்க 1930களில் யாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து மலையகத்தில் விட்டார்கள். அது தன் வேலையைச் செய்தது. பிறகு தண்டு துளைக்கும் வண்டுக்கென்று டீல்ட்ரின் அடித்தார்கள். குளவி செத்தது, புழு மீண்டும் பெருகியது. அடித்தவர்கள் யார்? நம் தாத்தாமார். அடிக்கச் சொன்னவர்கள் யார்? அவர்கள் ஒரு சொட்டையும் தொடவில்லை.

செடியின் மருந்துக் கடை

நாம் நாள் முழுதும் பறிக்கும் கொழுந்தையே எடுங்கள். உலகத்தைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் கபேன் அதில் ஏன் இருக்கிறது? துரைமாரின் காலைத் தேநீருக்காகச் செடி அதைச் செய்யவில்லை. பூச்சிக்கு எதிராக வைத்திருக்கும் நஞ்சு அது. 1984 இலேயே ஆய்வில் காட்டப்பட்டது. அதிலும் இளங்கொழுந்தில்தான் கபேன் அதிகம். மென்மையான இடத்துக்கே காவல் அதிகம். நம் கூடையில் விழுவது செடியின் ஆயுதம். அதற்குத்தான் உலகச் சந்தையில் விலை.

தக்காளிச் செடியைக் கிள்ளியவர்களுக்குத் தெரியும், விரலில் பச்சையும் மஞ்சளுமாய்க் கறை ஒட்டும், மணம் ஏறும். தண்டிலும் இலையிலும் உள்ள நுண்ணிய மயிர்களின் நுனியில் சுரக்கும் பொருள் அது. காட்டுத் தக்காளி இனங்கள் சிலவற்றில் இந்தச் சுரப்பு இன்னும் பிசுபிசுப்பாக, சர்க்கரையும் கொழுப்பமிலமும் சேர்ந்த பசையாக இருக்கிறது. வெள்ளை ஈ அதில் இருக்க விரும்புவதில்லை, ஊசி வாயைக் குத்தவும் தயங்குகிறது. ஸ்பெயினில் மலாகா பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு காட்டினத்தின் இந்தக் குணத்தைப் பயிர்த் தக்காளிக்குள் கலப்பினால் கொண்டுவந்தபோது, ஈ இறங்குவது குறைந்தது; மஞ்சள் இலைச்சுருள் வைரஸ் பரவுவதும் குறைந்தது. குத்தாத ஈ வைரஸ் கொடுப்பதில்லை. விஷயம் அவ்வளவுதான்.

செடி தன்னை மட்டும் காப்பதில்லை, அயலுக்கும் சொல்லி அனுப்புகிறது. அழுக்கணவன் தாக்கிய செடி மெதைல் சலிசிலேற் என்ற வாசனையைக் காற்றில் விடுகிறது. உளுக்குக்குப் பூசும் தைலங்களில் வரும் காரமான மணம்தான் அது. பக்கத்துச் செடி அந்த வாசனையைப் பிடித்து, தானும் அதையே விடத் தொடங்குகிறது. அழுக்கணவன் விலகுகிறது. அழுக்கணவனுக்குள் முட்டையிடும் குளவி தேடி வருகிறது. இது எப்படி நடக்கிறது என்பதைச் சீனத்து ஆய்வாளர்கள் 2023 இல் படிப்படியாக விளக்கினார்கள். ஒரு லயத்தில் அபாயக் குரல் எழுந்தால் அடுத்த லயம் விழித்துக்கொள்வதில்லையா? அதுபோல.

எதிரியும் சும்மா இருப்பதில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறோம். அழுக்கணவன் சுமக்கும் சில வைரஸ்கள், செடியின் இந்த அபாயக் குரலை உள்ளிருந்தே அடைக்கின்றன. வெள்ளை ஈ சுமக்கும் சில வைரஸ்களோடு வரும் துணைத்துண்டு ஒன்று, ஈயை விரட்டும் வாசனைப் பொருளைச் செடி செய்யாமல் தடுக்கிறது. அதாவது வைரஸ் தன் வாகனத்துக்குச் சாப்பாடு போடுகிறது. வெள்ளை ஈயோ செடியின் நஞ்சை முறிக்கும் மரபணு ஒன்றை எப்போதோ ஒரு செடியிடமிருந்தே பெற்று வைத்திருக்கிறது. 2021 இல் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. மரவள்ளிக்குள் சயனைட்டைத் தரும் பொருள் உண்டு, நம் தாய்மார் அதற்காகத்தான் மூடாமல் அவிக்கிறார்கள். அந்தக் காவலையும் இந்த ஈ முறித்துக் குடிக்கிறது. அதன் விளைவு, நம் நாட்டின் பெயரே சூட்டப்பட்ட இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். அது 2015 இல் கம்போடியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு வியட்நாமிலும் தாய்லாந்திலும் ஏழை விவசாயிகளின் தோட்டங்களை அழித்தது. ஈயோடு சேர்ந்து அதைப் பரப்பியது நோயுற்ற நடுதடி. நல்ல தடி கிடைக்காதவன் கிடைத்த தடியை நட்டான்.

ஆகவே ஒரே காவலை நம்பியிருப்பது முட்டாள்தனம். ஒரே மருந்தை நம்புவதும் அப்படியே. ஒரே பயிரை நம்பிய கோப்பித் தோட்டங்களை 1869 இல் தோன்றிய இலைத்துரு என்ன செய்தது என்று மலையகத்துக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கோப்பி போனது, துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். பட்டினி கிடந்ததும் ஊர் திரும்பியதும் தொழிலாளி.

காவலை விதையில் வைத்தவன் யார்?

இப்போது சொத்து விவகாரத்துக்கு வருவோம்.

1960களின் இறுதியில் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், கபிலத் தத்தியைத் தாங்கும் நெல்லைத் தேடியது. கிடைத்த பெயர்களைக் கேளுங்கள். இந்தியாவின் முட்கோ. அம்பாசமுத்திரத்தின் ஏ.எஸ்.டி. 7. கேரளத்துப் பட்டாம்பியின் பிடிபி 33. நம் இலங்கையின் ரத்து ஹீனட்டி, பாபவி. தாங்கும் நெல்லின் சாற்றில் என்ன இருக்கிறது என்று பின்னர் ஆராய்ந்தவர்கள், தத்தியைக் குடிக்கவிடாமல் செய்யும் சாஃப்டோசைட் என்ற பொருளைக் கண்டார்கள். 1996 இல் அது அச்சேறியது. அந்தப் பெயரை அறியாமலே அந்த நெல்லை வருடா வருடம் தெரிந்தெடுத்து, காய வைத்து, கூடையில் காத்து, மறுபோகம் விதைத்தவர்கள் சிங்கள, தமிழ், மலையாள உழவர்கள். அவர்கள் ஒரு சதம் காப்புரிமைப் பணமும் கேட்கவில்லை.

புல்போல் குட்டையாக்கும் வைரஸுக்கு எதிராக 6,000 க்கும் மேற்பட்ட நெல் வகைகளைச் சோதித்தார்கள். தாக்குப்பிடித்தது இந்தியாவின் உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த ஒரே ஒரு காட்டு நெல். வயல் ஓரத்துக் களை என்று பிடுங்கி எறியப்படும் நெல் அது. அதன் இரத்தமும் பட்டாம்பி நெல்லின் இரத்தமும் கலந்த ஐ.ஆர். 36 என்ற இனம் 1976 இல் வெளியாகி, பின்னர் ஒரு கோடி ஹெக்டயருக்கு மேல் பயிரானது. காவல் உள்ள பயிர் விளைச்சல் தராது என்று கடை முன்னால் நின்று சொல்பவர்களுக்கு அதுவே பதில். நம் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையமும் பிடிபி 33 ஐக் கலந்து பீஜி 379-2 போன்ற இனத்தைத் தந்தது. பொதுப் பணத்தில் பொது நிலையம் செய்த வேலை. கம்பனி எதுவும் செய்து தரவில்லை.

இன்னொரு பாடமும் உண்டு. முட்கோவின் காவலை மட்டும் சுமந்த ஐ.ஆர். 26, 1973 இல் வந்தது. ஊரெல்லாம் அதையே விதைத்தார்கள். சில வருடங்களில் தத்தி அதைத் தின்னப் பழகிவிட்டது. காவல் பலவாக இருக்க வேண்டும், மாற வேண்டும். அதற்கு உழவர் கையில் பல விதை இருக்க வேண்டும். ஒரே பையில் ஒரே விதையை வருடா வருடம் விற்பதில் பிழைக்கும் வியாபாரத்துக்கு அது ஒத்துவராது.

வேம்பின் கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்க வேண்டும். மன்னார் மண்ணில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளரும் மரம். அதன் விதையிலுள்ள அசாடிராக்டின், பூச்சியின் பசியைக் கெடுத்து, தோல் உரிப்பைக் குழப்புகிறது. நம் ஆச்சிமார் நெற்கூடையிலும் துணிப்பெட்டியிலும் வேப்பிலை போட்டு வைத்த அறிவு அது. 1994 இல் அமெரிக்காவின் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பனியும் அந்நாட்டு விவசாயத் திணைக்களமும் வேப்பெண்ணெயால் பூஞ்சையை அடக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. வந்தனா சிவா முதலானோர் வழக்காடினார்கள். 2000 இல் காப்புரிமை இரத்தானது. மேன்முறையீடும் 2005 இல் தள்ளுபடியானது. இது ஏற்கனவே மக்கள் அறிந்தது, புதிதல்ல என்பதே தீர்ப்பின் சாரம். போராடியதால் கிடைத்தது. போராடாமல் விட்ட எத்தனையோ இன்னும் கம்பனிப் பெட்டிக்குள் இருக்கின்றன.

இரண்டு பொய்கள்

நஞ்சு இல்லாமல் விவசாயமே இல்லை என்பது ஒரு பொய். இயற்கை என்று பெயர் வைத்தால் எல்லாம் சரி என்பது மற்றது. இரண்டுக்கும் நாம் விலை கொடுத்தோம்.

2021 மே மாதம் கோட்டாபய ராஜபக்ச அரசாங்கம் ஒரே வர்த்தமானியில் இரசாயன உரத்தையும் பீடைகொல்லியையும் இறக்குமதி செய்யத் தடை விதித்தது. மாற்று விதை உண்டா? இல்லை. வேப்பங்கொட்டை சேகரிக்க ஏற்பாடு உண்டா? இல்லை. விவசாயப் போதனாசிரியருக்குப் பயிற்சி உண்டா? இல்லை. நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் நெல்லும் தேயிலையும் விழுந்துவிட்டன. கொழுந்து குறைந்தபோது ‘கிலோ காணாது’ என்று அரைப் பேர் போட்டது யாருக்கு? நமக்கு. நச்சில்லா விவசாயம் என்ற நல்ல பெயரையும் அவர்கள் கெடுத்துவிட்டுப் போனார்கள். இப்போது மருந்துக் கம்பனிகள் அந்தத் தோல்வியைக் காட்டியே போத்தல் விற்கின்றன.

இயற்கைப் பொருள் எல்லாம் பாதுகாப்பானது என்று நம்பும் தோழர்களுக்கும் சொல்கிறோம். புகையிலைக் கசாயமும் இயற்கைதான். அதிலுள்ள நிக்கொட்டின் தோல் வழியே ஏறி ஆளை விழுத்தும். வேப்பங்கொட்டைச் சாறு வெயிலில் விரைவில் வலுவிழக்கும். அது பூச்சியைப் பெருகவிடாது, ஆனால் பறந்து வந்த ஈயின் முதல் குத்தை நிறுத்தாது. ஆகவே வேம்பு ஒரு கை. தாங்கும் விதை மறு கை. நோயுற்ற செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கி எரிப்பதும், மிளகாய்ப் பாத்தியைச் சுற்றிச் சோளம் நடுவதும் மற்ற கைகள். அழுக்கணவன் முதலில் சோளத்தில் குத்தி, வாயிலுள்ள வைரஸை அங்கே துடைத்துவிட்டு வரும். கோஸ்ட்டாரிக்காவில் தக்காளிக்கு நடுவே கொத்தமல்லி வளர்த்துப் பார்த்தார்கள். வெள்ளை ஈயும் அது தரும் வைரஸும் குறைந்தன. கொத்தமல்லி விதைக்கப் பேராசிரியர் வரவேண்டியதில்லை. ஆனால் மன்னார் மணலில், மன்னார் வெயிலில் எது எவ்வளவு பலன் தருகிறது என்று சோதித்துச் சொல்வது அரசாங்கத்தின் கடமை.

நாம் கேட்பது

ஒன்று. தாங்கும் நெல்லினங்களையும் கன்னொறுவை மரபணு வள நிலையத்தில் உறங்கும் பாரம்பரிய இனங்களையும் மன்னார் வயல்களில் வெளிப்படையாகப் பயிரிட்டுச் சோதிக்க வேண்டும். முடிவுகள் தமிழில் கமநல சேவை நிலையச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

இரண்டு. நோயற்ற மரவள்ளித் தடியும் மிளகாய் நாற்றும் பொது நாற்றுமேடைகளிலிருந்து கிடைக்க வேண்டும். மலையகத்து லயத் தோட்டங்களுக்கும் அதே தடி வர வேண்டும். மரவள்ளி நம் குழந்தைகளின் காலைச் சாப்பாடு.

மூன்று. வேப்பங்கொட்டை பொறுக்குவதும் அரைப்பதும் பெண்களின் கூட்டுறவுச் சங்கங்கள் கையில் இருக்க வேண்டும். சட்டப்படியான சம்பளத்தோடு. தரகருக்கு மூட்டைக் கணக்கில் விற்றுவிட்டு, அதையே போத்தலில் பத்து மடங்கு விலைக்கு வாங்கும் கூத்து வேண்டாம்.

நான்கு. மருந்தை விற்பவரே ஆலோசனை சொல்பவராக இருக்கக்கூடாது. விவசாயப் போதனாசிரியர் பதவிகள் நிரப்பப்பட வேண்டும்.

ஐந்து. வயலானாலும் தேயிலை மலையானாலும், மருந்து அடிக்க வேண்டி வந்தால் கையுறை, சப்பாத்து, முகக்கவசம், குளிக்கத் தண்ணீர், வருடாந்த மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை வேலை கொடுப்பவர் தரவேண்டும். தராவிட்டால் அடிக்க மறுக்கும் உரிமை வேண்டும். மறுத்ததற்காகப் பேர் வெட்டக்கூடாது. மருந்தால் நோயுற்ற நாட்கூலிக்கும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் நட்டஈடு வேண்டும். ‘நீ நிரந்தர வேலையாள் அல்ல’ என்ற சாட்டு இனிச் செல்லாது.

ஆறு. உழவர் காத்த விதையின் மேல், அதிலுள்ள எந்தப் பொருளின் மேலும், எந்தக் கம்பனிக்கும் தனியுரிமை கொடுக்கக்கூடாது.

இவற்றில் ஒன்றும் கற்பனை இல்லை. விதை இருக்கிறது, நிலையம் இருக்கிறது, மரம் இருக்கிறது, வேலை செய்யும் கை இருக்கிறது. மன்னாரில் வயல் வேலை செய்யும் தோழர்களும் மலையகத்தில் மலை ஏறும் தோழர்களும் ஒரே கோரிக்கைத் தாளில் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த மாதக் கூட்டத்தில் இந்த ஆறையும் வாசித்து, தெளிகருவி சுமப்பவர்களை முதலில் பேசவிட்டு, தீர்மானத்தைத் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.